விற்ற நூலை விற்றதாகவே விட்டுவிடுங்கள்: மின்னூல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நூல்களைக் காகிதத்திலும் திரையிலும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான். சில நூல்கள் எழுதியவனும்கூட. வாசகர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துவிடும்: டேப்லெட் வாங்கலாமா, நூல் படிக்கவென்றே செய்த ஈ-ரீடர் வாங்கலாமா? எழுத்தாளர்கள் கூடினால் கேள்வி வேறு: மின்னூல் உரிமையைப் பதிப்பகத்துக்கே கொடுத்துவிடலாமா, நாமே நேராகப் போட்டுக்கொள்ளலாமா? ஆளாளுக்கு ஒரு கருவியின் பெயரையோ ஒரு கடையின் பெயரையோ பதிலாகச் சொல்வார்கள். கேட்டவருக்குத் திருப்தி வராது. ஏனென்றால் அந்தக் கேள்விகளுக்குள் இருக்கும் கவலையே வேறு. காசு கொடுத்து வாங்கிய நூல் பத்து வருடம் கழித்தும் என்னிடம் இருக்குமா? கண்ணுக்கு வாகாகப் படிக்க முடியுமா? எழுதியவருக்கு நியாயமான பங்கு போய்ச் சேருமா? இவற்றுக்குக் கருவி செய்கிறவர்கள் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல முடியும்.

நான் கேட்க வந்தது ஒன்றைத்தான். மின்னூலை விற்கும்போது, காகித நூலை விற்பதுபோல முழுதாக விற்றுவிடுங்கள். வாங்கியவர் அதைத் தன் நூலாக வைத்துக்கொள்ளட்டும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். நீங்கள் கோப்பைத் தயாரிக்கும் விதமும் அதோடு சேர்ந்ததுதான்.

ஈ-ரீடரின் திரைக்குள் தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்புலத்தை மாற்றினால் வெள்ளை மேலே வரும், அல்லது கறுப்பு மேலே வரும். வந்தபின் அங்கேயே நின்றுவிடும். அதனால் பக்கத்தைத் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் தேவை. ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுவது இதனால்தான். சுற்றியிருக்கும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியே எழுத்து தெரிவதால் வெயிலிலும் படிக்கலாம். 2004-ல் சோனி இந்தத் திரையோடு ஒரு வாசிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. இப்போது பரவலாக விற்கும் ஈ-ரீடர்களில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கின்றன. எழுத்து அச்சுபோலவே தெரிகிறது.

வண்ணத்துக்கு வந்தால் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. கலைடோ 3 என்ற வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளைக்கு 300 புள்ளிகள், வண்ணத்துக்கு அதில் பாதி. படங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பக்கம் மாறும் வேகமும் குறைவு. டேப்லெட்டில் இந்தக் குறைகள் இல்லை. குழந்தைகளுக்கான படநூல், வரைபடங்கள் நிறைந்த நூல், கணக்குப் புத்தகம், காமிக்ஸ் எல்லாம் பத்து அங்குல டேப்லெட்டில்தான் அதனதன் முழு அழகோடு தெரியும். ஆனால் அது தானே ஒளியை உமிழும் திரை. தூங்கப்போகும் முன் டேப்லெட்டில் படித்தவர்களையும் அச்சு நூல் படித்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014 கடைசியில் வந்தது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனது, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பும் தள்ளிப்போனது. அப்புறம், டேப்லெட்டில் ஒரு நாவலின் நடுவில் இருக்கும்போது பத்து செயலிகள் வந்து தோளைத் தட்டும்.

ஆக, நாவல், சிறுகதை, கட்டுரை படிப்பவருக்கு ஈ-ரீடர். படமும் வண்ணமும் பெரிய பக்கமும் தேவைப்படுகிறவருக்கு டேப்லெட். கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர்கள் அதன்படி வாங்கிவந்து உங்கள் நூலைத் திறக்கும்போது அது ஒரு பிடிஎஃப் கோப்பாக இருந்தால், சொன்ன அத்தனையும் வீண். அச்சுக்கு அனுப்பிய அதே பக்கத்தை ஆறு அங்குலத் திரைக்குள் சுருக்கினால் எழுத்து எறும்புபோல ஆகிவிடுகிறது. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே எத்தனை பக்கம் படிக்க முடியும்? பலர் இந்த அனுபவத்தோடு மின்னூலே தமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி விலகிவிடுகிறார்கள். அவர்கள் உங்கள் வாசகர்கள்.

இதற்குத் தீர்வு பல வருடங்களாகவே கையில் இருக்கிறது. ஈபப் வடிவம் 2007-லிருந்து இருக்கிறது. 2017-லிருந்து இணையத்தின் பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பராமரிக்கிறது, ஈபப் 3.3 என்ற பதிப்பு 2023-ல் வந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால் இணையப் பக்கங்களைப் போலவே எழுதப்பட்ட கோப்புகளும் படங்களும் ஒரு ஜிப் பொதியாக இருக்கும், அவ்வளவுதான். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தாமே மடங்கிக்கொள்ளும். அறுபது வயதுக்காரர் தனக்கு வேண்டிய அளவில் வைத்துக்கொள்வார், பதினாறு வயதுப் பெண் தனக்கு வேண்டிய அளவில் வைத்துக்கொள்வாள். நீங்கள் இரண்டு பதிப்பு போட வேண்டியதில்லை.

ஆனால் ஈபப் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. காகிதப் பதிப்புக்கு மூன்று முறை மெய்ப்புப் பார்க்கும் பதிப்பகங்கள்கூட மின்னூலைத் திறந்தே பார்ப்பதில்லை என்று தோன்றும் அளவுக்குக் கோப்புகள் வருகின்றன. கவிதையின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரைநடையாகிவிடுகின்றன. அடிக்குறிப்பு பத்தியின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பொருளடக்கத்தில் அத்தியாயத்தின் பெயரைத் தொட்டால் எங்கும் போவதில்லை. பழைய நூலை ஸ்கேன் செய்து, எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளில் போட்டு எடுத்து, யாரும் படிக்காமலேயே விற்பனைக்கு ஏற்றியிருப்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ரோமன் எழுத்தல்லாத மொழிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் பரவுவதற்கு முன் தட்டச்சான நூல்கள் அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியாக்கத்தில் இருக்கும். அவற்றை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போகும். மாற்றித் தர மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். மெய்ப்புத் திருத்துநருக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள். ஒருமுறை சரியான யூனிகோட் பிரதி உங்களிடம் வந்துவிட்டால் அடுத்த பதிப்புக்கும் அதுதான் மூலம்.

பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். ஒழுங்காகச் செய்த மின்னூல் வெளியான அன்றே, எல்லோரோடும் சேர்ந்து அவர்களும் படிக்கக்கூடிய நூலாகிறது. திரைவாசிப்பு மென்பொருள் வாய்விட்டு வாசிக்கும், தலைப்புகளுக்குத் தாவும், படத்துக்கு நீங்கள் எழுதிய விளக்கத்தைச் சொல்லும். பக்கத்தைப் படமாகப் போட்ட பிடிஎஃப்பில் அவர்களுக்கு எதுவுமே இல்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான நூல்களைப் பதிப்புரிமைத் தடையின்றி உருவாக்க 2013-ல் மராகேஷ் உடன்படிக்கை கையெழுத்தானது. 2016-ல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது சட்டமாகவே நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் வரும் முன் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 2009-ல் கிண்டிலின் இரண்டாம் பதிப்பு நூலை வாய்விட்டு வாசிக்கும் வசதியோடு வந்தபோது, அது ஒலிநூல் உரிமையைப் பறிக்கிறது என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. கடைசியில், எந்த நூலில் குரலை அணைப்பது என்று உரிமையாளர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. பல நூல்களில் குரல் அணைக்கப்பட்டது. எழுத்தாளன் என்ற முறையில் இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. என் நூலை ஒருவர் காதால் படிப்பதை நான் ஏன் தடுக்க வேண்டும்?

சரி, இப்போது நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன்.

2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்தது. அந்தப் பிரதிகளை விற்பனைக்கு ஏற்றிய நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் ஒன்று புரிந்துபோனது: வாங்கிய நூலை விற்றவர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ள முடியும்.

பத்து வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. 2019 ஜூலையோடு, அங்கே வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. நகலெடுக்கவோ வேறு கருவிக்கு மாற்றவோ விடாத மென்பொருள் பூட்டு அந்த நூல்களில் இருந்தது; அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. சர்வரை நிறுத்தியதும் எல்லாம் முடிந்தது. அங்கும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். நூல்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். ஒருவர் தன் நூலின் ஓரங்களில் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த யோசனைகளின் விலை 25 டாலர்! காகித நூல் விற்ற கடை மூடினால் அங்கே வாங்கிய நூல் நம் அலமாரியிலிருந்து போவதில்லை. இவ்வளவு எளிய உத்தரவாதம்கூட மின்னூல் வாசகருக்கு இல்லை.

2025 பிப்ரவரி 26-க்குப் பிறகு, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்தியது. பலர் அதற்கு முந்தைய சில நாட்களில் தங்கள் நூலகம் முழுவதையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்கள். காசு கொடுத்த நூலைக் காப்பாற்ற வாசகர் இப்படித் தவிக்க வேண்டியிருப்பது சரியா?

சட்டம் இதைப் பெரும்பாலும் வாசகருக்குச் சாதகமாகப் பார்க்கவில்லை. படித்த மின்னூலை மறுவிற்பனை செய்யலாமா என்ற வழக்கில், பதிப்புரிமை உள்ளவரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. காகித நூலுக்கு அப்படி இல்லை. விற்கலாம், கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். கலிஃபோர்னியா மட்டும் ஒரு சின்ன நேர்மையைக் கேட்டிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று போட்டு விற்றால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: வாங்கும்போதே நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளத் தந்துவிட்டால் இந்த அறிவிப்பு தேவையில்லை. நான் உங்களிடம் கேட்பதும் அந்த விலக்கில் இருப்பதைத்தான். இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுங்கள். பூட்டில்லாமல் கொடுங்கள்.

பூட்டை எடுத்தால் திருட்டுப் பிரதி பெருகிவிடும் என்பது உங்கள் பயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நூலின் திருட்டுப் பிரதியை நானே பார்த்திருக்கிறேன், மனது கஷ்டப்பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். திருட்டுப் பிரதிகளில் பல, மின்னூலே வெளிவராத நூல்களின் ஸ்கேன் பிரதிகள். காகிதத்தில் மட்டும் விற்பதும் அதைத் தடுக்கவில்லை. பூட்டுள்ள நூலின் பூட்டை உடைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்தால் போதும், அதற்குப் பிறகு அது எல்லோருக்கும் கிடைக்கும். பூட்டால் உண்மையில் கட்டுப்படுபவர் காசு கொடுத்த வாசகர் மட்டும்தான். அவர்தான் பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு நூலை மாற்ற முடியாமல் தவிக்கிறார். கடையை மாற்ற நினைத்தாலும் தன் நூலகத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இதைச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அறிவியல் புனைவும் மிகுபுனைவும் வெளியிடும் டோர் பதிப்பகம் 2012-ல் தன் மின்னூல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை அகற்றியது. ஒரு வருடம் கழித்து, திருட்டு குறிப்பிடும்படியாக எதுவும் கூடவில்லை என்று அறிவித்தது. அதே 2012-ல் ஹாரி பாட்டர் நூல்கள் மின்னூலாக வந்தபோது, வாங்கியவரின் அடையாளத்தைக் கோப்புக்குள் நீரெழுத்தாகப் பதித்துக் கொடுத்தார்கள். வாங்கியவர் தன் கருவிகளில் எங்கு வேண்டுமானாலும் படிக்கலாம். ஊருக்கெல்லாம் பரப்பினால் அது யாருடைய பிரதி என்று தெரியும். பூட்டை முழுதாக விட மனம் வராதவர்களுக்கு இது நல்ல நடுவழி.

இன்னொன்று. அமேசானின் கிண்டில் கடையில் நூலை ஏற்றும்போதே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். முடிவு நம் கையில். பல பதிப்பகங்களில் இதை யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. கோப்பை ஏற்றுகிற ஊழியர் பழக்கத்தில் ஒன்றைத் தேர்ந்துவிட்டுப் போய்விடுகிறார். பூட்டுவதால் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். வாசகரின் நூலகம் ஒரே கடைக்குள் அடைபட்டால் அவர் அந்தக் கடையை விட்டு நகர மாட்டார். அப்புறம் தள்ளுபடியையும் பங்கையும் பேசும்போது அந்தக் கடை உங்களிடம் எந்த இடத்திலிருந்து பேசும்? உங்கள் வாசகரைக் கட்டும் அதே கயிறுதான் உங்களையும் கட்டுகிறது.

எழுத்தாளர்கள் பக்கம் வருகிறேன். மின்னூல் வருமானத்தில் 25 சதவீதம் எழுத்தாளருக்கு என்பது உலகின் பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களில் பல வருடங்களாக வழக்கமான விகிதம். காகிதத்துக்குக் கிடைக்கும் விகிதத்தைவிட அதிகம்போலத் தெரியும். ஆனால் அது நிகர வருவாயில் 25. கடை தன் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் மீதி 70; அதில் நான்கில் ஒரு பங்கு என்றால் விலையில் 17.5 சதவீதம். நேராகக் கிண்டிலில் போடும் எழுத்தாளருக்கு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் இருந்தால் 70 சதவீதம் வரை கிடைக்கிறது. கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு கட்டணம் கழிப்பார்கள், படம் நிறைந்த நூலுக்கு அது கூடும். சில நாடுகளின் விற்பனைக்கு அந்த 70 கிடைக்க வேண்டுமானால் 90 நாள் வேறு எங்கும் மின்னூலை விற்காமல் அங்கேயே கட்டுண்டிருக்க வேண்டும். ஆக, அந்த 70-க்கும் ஒரு விலை இருக்கிறது. செம்மையாக்கம், அட்டை, மெய்ப்பு, விளம்பரம் எல்லாம் எழுத்தாளரின் சொந்தச் செலவு.

அந்தச் செலவை நீங்கள் ஏற்பதால்தான் நான் இன்னும் உங்களிடம் வருகிறேன். ஒரு நல்ல செம்மையாக்குநர் என் பிரதிக்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். காகிதம் இல்லை, அதனால் மின்னூலுக்குச் செலவே இல்லை என்று பேசும் வாசகர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். ஒரு நூலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பில் தாளும் அச்சும் ஒரு பகுதிதான். ஆனால் கிடங்கு இல்லை, லாரி இல்லை, விற்காமல் திரும்பி வரும் பிரதி இல்லை என்பதும் உண்மைதானே? அந்த மிச்சத்தில் கொஞ்சம் வாசகருக்கு விலைக்குறைப்பாகவும் கொஞ்சம் எழுத்தாளருக்கு ராயல்டியாகவும் வரவேண்டும். நிகர வருவாயில் பாதிப் பங்கு என்பதுதான் என் கணக்கில் நியாயம். அமெரிக்க எழுத்தாளர் சங்கமும் இதைத்தான் கேட்டு வருகிறது.

விகிதத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது ஒப்பந்தத்தின் காலம். காகித நூலுக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது: பிரதிகள் தீர்ந்து, பதிப்பகம் மறுபதிப்புப் போடாவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும். மின்னூல் எப்போதாவது தீர்ந்துபோகுமா? ஒரு கோப்பு ஒரு சர்வரில் கிடந்தாலே நூல் விற்பனையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வருடத்துக்கு இரண்டு பிரதி விற்றாலும் உரிமை உங்களிடமே. 2007-ல் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் தன் ஒப்பந்தத்தை இந்தத் திசையில் மாற்ற முயன்றபோது எழுத்தாளர் சங்கம் கடுமையாக எதிர்த்ததும் இதனால்தான். வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுங்கள். அல்லது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வையுங்கள். பழைய நூல்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும்: பல வருடங்களுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் மின்னூல் என்ற பேச்சே இருக்காது. ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் ரோசெட்டா புக்ஸ் என்ற மின்னூல் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், நூல் வடிவில் வெளியிடும் உரிமை என்பது மின்னூலைத் தானாக உள்ளடக்காது என்று 2001-ல் நியூயார்க்கில் ஒரு நீதிபதி முடிவுசெய்தார். எழுத்தாளரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கேட்டு, தனியாக எழுதி வாங்கிக்கொண்டு மின்னூலாக்குங்கள். கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாகவே தருவார்கள்.

விற்பனைக் கணக்கையும் காட்டுங்கள். மின்னூல் விற்பனை எந்த நாளில் எத்தனை என்று கடை உங்களுக்குத் திரையில் காட்டுகிறது. அதையே எழுத்தாளருக்கும் திறந்துவிட்டால் பாதிச் சந்தேகங்கள் மறைந்துவிடும்.

நூலகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகம் வாங்கும் மின்னூலை 26 முறை இரவல் கொடுத்த பிறகு மறுபடி வாங்க வேண்டும் என்றது. 2019-ல் மக்மில்லன் பதிப்பகம், புதிய நூல் வந்து எட்டு வாரம் வரை எவ்வளவு பெரிய நூலக அமைப்புக்கும் ஒரே ஒரு மின்பிரதிதான் என்றது. எதிர்ப்பு வலுத்து, 2020 மார்ச்சில் கைவிட்டது. இரவல் வாங்கிப் படிப்பவரை இழந்துவிட்ட வாடிக்கையாளராக எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் நூலகத்தில் படித்துப் பழகியவர்தான் பின்னால் காசு கொடுத்து வாங்குகிறார். நூலகத்துக்கும் விற்றால் முழுதாக விற்றுவிடுங்கள். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குக் கொடுப்பது நியாயமான எல்லை.

காகிதமா திரையா என்று வாசகரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதையும் நிறுத்தலாம் என்று தோன்றுகிறது. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-ல் வெளியானது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000-க்கும் மேல். தகவல் சார்ந்த உரைகளைப் புரிந்துகொள்வதில், முக்கியமாக நேரம் குறைவாக இருக்கும்போது, காகிதத்தில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். கதை படிப்பதில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் பாடநூலையும் ஆய்வு நூலையும் காகிதத்தில் வாங்குகிறவருக்கு மின்பிரதியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பொருத்தம். உட்கார்ந்து ஆழ்ந்து படிக்கக் காகிதம். தேடவும் பயணத்தில் புரட்டவும் திரை. அமேசான் 2013-ல் மேட்ச்புக் என்ற பெயரில், காகித நூல் வாங்கியவருக்கு மின்னூலைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ தரும் திட்டம் கொண்டுவந்தது. பதிப்பாளர்கள் சம்மதித்த நூல்களுக்கு மட்டும்தான் அது செல்லும். 2019-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அதை நீங்களே உங்கள் தளத்தில் செய்யலாம், கடைக்காரர் தயவு தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்து வெளியிடப்போகும் நூல்களில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஈபப் கோப்பாகச் செய்து, ஒருவரை உட்காரவைத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்லி, பூட்டில்லாமல் உங்கள் தளத்திலேயே விற்றுப் பாருங்கள். உரிமை எப்போது திரும்பும் என்பதை அந்த ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து விற்பனைக் கணக்கை அந்த எழுத்தாளருக்கும் மற்ற பதிப்பாளர்களுக்கும் காட்டுங்கள். அப்படி வரும் நூலை நான் வாங்குவேன், தெரிந்தவர்களையும் வாங்கச் சொல்வேன். என் அடுத்த நூலின் மின்னுரிமையை இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கும் பதிப்பகத்துக்குத்தான் கொடுக்கப்போகிறேன். முன்பணம் குறைவாக இருந்தாலும் சரி. இதில் நடைமுறைச் சிக்கல் என்று நீங்கள் நினைப்பது எதுவானாலும் வெளிப்படையாக எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன், உங்கள் எழுத்தாளர்களில் ஒருவன்